கடைப் பெயர் வேறு, ஆதார்ப் பெயர் வேறு: எங்கே பதிவு செய்வது?

#1 செக்கடி

வணக்கமுங்க. ஈரோடு மாவட்டத்துல மரச்செக்கு ஒண்ணு ஓடுது. கடலெண்ணெய், நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் மூணும் ஆட்டறோம். வருசத்துக்கு சுமார் 9 லட்சம் வியாபாரம். இதுவரைக்கும் பில், பேங்க் எல்லாமே என் சொந்தப் பேர்லதான். இனிமே "மஞ்சக்காடு மரச்செக்கு எண்ணெய்"னு பேர் போட்டு பாட்டில்ல விக்கலாம்னு முடிவு. நான் ஒருத்தன்தான் ஓனர், கூட்டாளி யாரும் கிடையாது.

கடைப் பேர்ல வந்த பேங்க் செக்கை என் சேவிங்ஸ் கணக்குல போட முடியாதுன்னு பேங்க்ல சொல்லிட்டாங்க. "பேரை ரிஜிஸ்டர் பண்ணி சர்டிபிகேட் கொண்டாங்க"ங்கறாங்க. எந்த ஆபீஸ்ல ரிஜிஸ்டர் பண்றதுன்னு கேட்டா தெளிவா பதில் இல்ல. பத்திரப்பதிவு ஆபீஸா? ஒரு புரோக்கர் "ஃபர்ம் ரிஜிஸ்ட்ரேஷன்"னு 5,000 கேட்கறார். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 ரசீதுபுக்கு

அந்த 5,000 ரூபாயைக் கொடுத்துவிடாதீர்கள். தனி ஒருவர் நடத்தும் கடையின் பெயரைப் பதிவு செய்வதற்கென்று இந்தியாவில் ஓர் அலுவலகமே கிடையாது. "ஃபர்ம் ரிஜிஸ்ட்ரேஷன்" என்பது 1932ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின்படி ரிஜிஸ்ட்ரார் ஆஃப் ஃபர்ம்ஸிடம் செய்வது. அதற்குக் குறைந்தது இரண்டு கூட்டாளிகள் வேண்டும். ஒற்றை ஆளாக நீங்கள் போய் நின்றால் வாங்கவே மாட்டார்கள். புரோக்கர் பெரும்பாலும் உத்யம் (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) சான்றிதழை எடுத்துக் கையில் கொடுத்து அதற்குத்தான் பணம் கேட்பார். உத்யம் இலவசம்.

வங்கி கேட்பது "பெயர்ப் பதிவு" அல்ல; அந்தப் பெயரில் ஒரு தொழில் நடக்கிறது என்பதற்கு ஆதாரம். ரிசர்வ் வங்கியின் கேஒய்சி (வாடிக்கையாளர் யார் என்று உறுதி செய்யும்) விதிப்படி புரொப்ரைட்டர், அதாவது தனி உரிமையாளர், கணக்குக்கு, உரிமையாளரின் ஆதார், பான் போக, கடைப் பெயரில் இரண்டு ஆவணங்கள் வேண்டும். உத்யம், ஜிஎஸ்டி சான்றிதழ், உள்ளாட்சி உரிமம், தொழில்வரி தொடர்பான சான்று, ஏற்றுமதி இறக்குமதி எண், கடை வருமானம் காட்டப்பட்ட முழு வருமானவரிக் கணக்கு, கடைப் பெயரில் உள்ள மின்கட்டண ரசீது ஆகியவற்றில் எந்த இரண்டும் சரி. இரண்டு திரட்ட முடியாவிட்டால் ஒன்றை வைத்துக்கொண்டு, நேரில் வந்து கடையைப் பார்த்துவிட்டுக் கணக்குத் திறக்கவும் விதியில் இடமுண்டு. ஆனால் அது வங்கியின் விருப்பம். கவுன்டரில் சண்டை போட்டு வாங்கக்கூடியது இல்லை.

சேவிங்ஸில் செக் போட முடியாது என்று அவர்கள் சொன்னது சரிதான். "அக்கவுண்ட் பேயி" கோடு போட்ட செக்கை அதில் எழுதிய பெயருக்கு மட்டுமே வரவு வைக்கலாம்.

#3 பேரேடு

மேலே சொன்னதோடு சேர்த்து, உங்களுக்கான வரிசையைச் சொல்கிறேன். வரிசை மாறினால் இரண்டு வேலை.

முதலில் எதையும் திறக்காமல் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலை முடிவு செய்து எழுதி வையுங்கள். "மஞ்சக்காடு" என்பதில் நடுவில் கே ஒன்றா இரண்டா? "கா"வுக்கு ஏ ஒன்றா இரண்டா? "மரச்செக்கு" ஒரே சொல்லா, இடம் விட்டு இரண்டு சொல்லா? "ஆயில்" என்றா, "ஆயில்ஸ்" என்றா? ஆளுக்கு ஆள், ஆவணத்துக்கு ஆவணம் இது மாறும். உத்யமில் ஒரு கே, உணவு உரிமத்தில் இரண்டு கே, வங்கியில் "ஆயில் மில்" என்று இருந்தால் வங்கியின் பார்வையில் அவை மூன்று வேறு தொழில்கள். 2025 ஏப்ரலிலிருந்து நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் வழியாக வங்கிக்கு வங்கி பணம் அனுப்புபவருக்குப் பணம் பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதி வந்துவிட்டது. பில்லில் ஒரு பெயர், கணக்கில் இன்னொரு பெயர் என்றால் பெரிய கடைக்காரர்கள் பணத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு போன் போடுவார்கள்.

அடுத்தது உத்யம். அரசுத் தளத்தில் உங்கள் ஆதார் எண், அதோடு இணைந்த செல்போனுக்கு ஓடிபி, பான். நிறுவன வகையில் "புரொப்ரைட்டரி". நிறுவனப் பெயர் என்ற கட்டத்தில்தான் கடைப் பெயர் போக வேண்டும். அங்கே சொந்தப் பெயரையே அடித்துவிட்டுப் பிறகு முழிப்பவர்கள் நிறையப் பேர். தொழில் குறியீட்டில் தாவர எண்ணெய் உற்பத்திக்கு 10402 தேர்வு செய்யுங்கள். வங்கிக் கணக்கு எண் கேட்கும். இப்போதைக்குச் சேவிங்ஸ் எண்ணைக் கொடுங்கள், கரண்ட் அக்கவுண்ட் வந்ததும் திருத்திக்கொள்ளலாம். ஆவணம் எதையும் ஏற்ற வேண்டியதில்லை. கூகுளில் தேடினால் மேலே விளம்பரமாக வரும் தளங்கள் அச்சு அசல் அரசுத் தளம் போலவே இருக்கும், பணம் கேட்கும். முகவரி "கவ்.இன்" என்று முடிகிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது ஆவணம் உங்களுக்கு எளிது. எண்ணெய் உணவுப்பொருள் என்பதால் உணவுப் பாதுகாப்புப் பதிவு எப்படியும் வேண்டும். உங்கள் அளவுக்கு அடிப்படைப் பதிவு போதும், ஆண்டுக்கு 100 ரூபாய். வங்கிப் பட்டியலில் அதன் பெயர் நேராக இல்லை, ஆனாலும் அரசு தரும் பதிவுச் சான்று என்று பல கிளைகள் ஏற்கின்றன. ஏற்காவிட்டால் உள்ளூர் ஊராட்சி அல்லது நகராட்சியின் தொழில் உரிமத்தைக் கடைப் பெயரில் வாங்குங்கள்.

#4 செக்கடி

ரொம்ப நன்றிங்க. ஜிஎஸ்டி எடுத்தா ஒரே ஆவணத்துல பேர் சுத்தமா வந்துடும்னு ஒருத்தர் சொன்னார். எடுத்துடலாமா? இன்னொண்ணு, செக்கு ஓடற இடம் அப்பா பேர்ல இருக்கு. கரண்ட் பில்லும் அவர் பேர்லதான்.

#5 பேரேடு

பெயருக்காக மட்டும் ஜிஎஸ்டி எடுக்காதீர்கள். பொருள் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் 40 லட்சம் வரை கட்டாயம் இல்லை. ஆசைப்பட்டு எடுத்துவிட்டால் முதல் ரூபாயிலிருந்தே வரி போட வேண்டும், விற்பனையே இல்லாத மாதத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டும். தாமதமானால் சுழி ரிட்டர்னுக்கே நாளுக்கு 20 ரூபாய். மறந்துபோய் ஆறு மாதம் கழித்துப் பார்ப்பவர்களின் கணக்கு சிரிப்பாக இருக்காது.

ஒரு விதிவிலக்கு. வேறு மாநிலத்துக்கு நீங்களே பில் போட்டு அனுப்புவதாக இருந்தால், பெங்களூருக்கு ஒரு டின் கூரியரில் போட்டாலும் கட்டாயம். 40 லட்சக் கணக்கு அங்கே செல்லாது.

எடுப்பதாக இருந்தால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். விண்ணப்பத்தில் இரண்டு பெயர்க் கட்டங்கள் உண்டு. "லீகல் நேம்" பானில் இருந்து தானாக வரும், அது உங்கள் பெயர்தான், மாற்ற முடியாது. "டிரேட் நேம்" கட்டத்தில்தான் மஞ்சக்காடு. கூடுதல் டிரேட் நேம் சேர்க்கவும் வசதி இருக்கிறது. டிரேட் நேமை மாற்ற ரெக்-14 படிவம். மாற்றிய 15 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், அதிகாரி ஒப்புதல் வேண்டும்.

ஜிஎஸ்டி எடுத்தாலும் அப்பா இடம் பிரச்சினை இல்லை. சொத்துவரி ரசீது அல்லது மின்கட்டண ரசீது, கூடவே "என் மகன் இந்த இடத்தில் இந்தப் பெயரில் தொழில் நடத்தச் சம்மதம்" என்று வெள்ளைத்தாளில் ஒரு கடிதம், அப்பாவின் அடையாளச் சான்று. முத்திரைத்தாள் ஒப்பந்தம் கேட்டால், உறவினர் இடத்துக்கு வெள்ளைத்தாள் கடிதமே போதும் என்று 2025 ஏப்ரலில் வந்த மத்திய மறைமுக வரி வாரிய அறிவுறுத்தலைக் காட்டுங்கள்.

#6 தராசுமுள்

எல்லாரும் வங்கியோடு நின்றுவிட்டீர்கள். செக்கடி அண்ணா, இதுவரை சொன்ன எந்தக் காகிதமும் அந்தப் பெயரை உங்களுடையது ஆக்காது. உத்யம் தளம் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்ப்பதே இல்லை. நாளைக்கே பக்கத்து ஊர்க்காரர் "மஞ்சக்காடு" என்று உத்யம் எடுத்தால் அவருக்கும் சான்றிதழ் வரும். ஜிஎஸ்டி, உணவுப் பதிவு எல்லாம் அதே கதை.

பெயரைக் காப்பது டிரேட்மார்க் (வணிகச் சின்னப் பதிவு) மட்டும்தான். அதில் பொருள்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள்; சமையல் எண்ணெய்க்கு 29ஆம் வகுப்பு. தனிநபருக்கு ஆன்லைன் கட்டணம் வகுப்புக்கு 4,500. பெரிய கம்பெனிக்கு 9,000. படிவம் டிஎம்-ஏ. தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருந்தாலும் போக வேண்டியதில்லை.

உங்கள் பெயரில் "மரச்செக்கு எண்ணெய்" பொருளின் விவரிப்பு. அதை யாருக்கும் தனியுரிமையாகத் தர மாட்டார்கள், டிரேட்மார்க் சட்டம் பிரிவு 9இல் ஆட்சேபம் வரும். உங்கள் பலம் "மஞ்சக்காடு" என்ற முதல் சொல்லில்தான் இருக்கிறது. ஆகவே சொல் மார்க்காக "மஞ்சக்காடு" மட்டும் போடுங்கள். லோகோவை மட்டும் பதிந்தால் எதிராளி படத்தை மாற்றிவிட்டு அதே சொல்லை வைத்துக்கொள்ளும்போது உங்கள் வழக்கு பலவீனமாகிவிடும். தமிழ் எழுத்தில் போட்டால் அதன் ஒலிபெயர்ப்பும் பொருளும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ தர வேண்டும்.

"எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள்" என்ற கேள்வியில் பலர் வாய்க்கு வந்த பழைய தேதியைப் போடுகிறார்கள். பழைய தேதி போட்டால் பிரமாணப் பத்திரமும் அந்தப் பெயர் உள்ள பழைய பில்லும் இணைக்க வேண்டும். உங்களிடம் பில் எல்லாம் சொந்தப் பெயரில்தான் இருக்கிறது. "இனி பயன்படுத்தப் போகிறேன்" என்ற கட்டத்தையே தேர்வு செய்யுங்கள்.

#7 ரசீதுபுக்கு

தராசுமுள் சார், 9 லட்சம் வியாபாரத்துக்கு முதல் நாளே டிரேட்மார்க் தேவையா? வக்கீல் கட்டணம் சேர்த்தால் பத்தாயிரத்தைத் தாண்டும். அதற்கு இரண்டு சாக்குக் கடலை வாங்கிப் போடலாம். பெயரைத் தொடர்ந்து பயன்படுத்தினாலே உரிமை வருகிறது, பதிவில்லாமலும் வழக்குப் போடலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறதே.

#8 தராசுமுள்

இருக்கிறது. பிரிவு 34 முதலில் பயன்படுத்தியவரைக் காக்கும், பிரிவு 27(2) பதிவில்லாத பெயருக்கும் "பாசிங் ஆஃப்" வழக்கை, அதாவது அடுத்தவர் தன் பொருளை நம்முடையது போலக் காட்டி விற்பதற்கு எதிரான வழக்கை, அனுமதிக்கும். ஆனால் அந்த வழக்கில் "இந்தப் பெயர் என்றால் வாடிக்கையாளருக்கு என் எண்ணெய்தான் நினைவுக்கு வரும்" என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் பில், விளம்பரச் செலவு, விற்பனைக் கணக்கு காட்ட வேண்டும். புதிதாகத் தொடங்கும் பெயருக்கு அந்த ஆதாரம் எங்கே இருக்கும்?

செலவு விஷயத்தில் உங்களோடு பாதி ஒத்துப்போகிறேன். விண்ணப்பத்தை இன்று போடாவிட்டாலும் தேடலை இன்றே செய்யுங்கள், அது இலவசம். டிரேட்மார்க் தளத்தில் 29ஆம் வகுப்பில் சொல் தேடலும் ஒலித் தேடலும் இரண்டும். "மஞ்சள்காடு", "மஞ்சகாட்" என்று ஒலியில் நெருங்கினாலும் பிரிவு 11 ஆட்சேபம் வரும். கம்பெனி விவகாரத் துறைத் தளத்திலும் ஒருமுறை தேடிவிடுங்கள். ஐயாயிரம் லேபிள் அடித்த பிறகு வக்கீல் நோட்டீஸ் வந்தால் நஷ்டம் லேபிளோடு நிற்காது.

விண்ணப்பம் போட்ட பிறகு தூங்கிவிடாதீர்கள். டிரேட்மார்க் அலுவலகத்திலிருந்து ஆய்வறிக்கை வந்தால் 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் கைவிட்டதாகக் கருதிவிடுவார்கள். ஏற்றுக்கொண்டு டிரேட்மார்க் இதழில் வெளியான பிறகு யாரும் எதிர்க்க 4 மாதம் அவகாசம். பதிவானால் 10 ஆண்டு செல்லும். பதிவாகும் வரை பெயருக்கு மேல் "டிஎம்" என்று போடலாம். வட்டத்துக்குள் ஆர் போடக்கூடாது, அது சட்டப்படி தவறு.

#9 கோர்ட்டுவாசல்

வழக்கு என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன். புரொப்ரைட்டர் கடைக்குச் சட்டத்தில் தனி உயிர் கிடையாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 30, விதி 10 என்ன சொல்கிறது என்றால், வேறு பெயரில் தொழில் செய்பவர் மேல் அந்தக் கடைப் பெயரிலேயே வழக்குப் போடலாம். ஆனால் அவர் அடுத்தவர் மேல் போடும்போது கடைப் பெயரில் மட்டும் போட முடியாது. உங்கள் பெயரில்தான் போட வேண்டும்: "இன்னார், மஞ்சக்காடு மரச்செக்கு எண்ணெய் என்ற பெயரில் தொழில் செய்பவர், அதன் உரிமையாளர்" என்று. செக் பவுன்ஸ் புகாரிலும் நோட்டீஸிலும் இதே வாசகத்தைப் போட்டுவிடுங்கள். கடைப் பெயரை மட்டும் போட்டு, கீழே யார் என்றே தெரியாத ஒரு கையெழுத்து இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முதல் கேள்வியே "இது யார்?" என்று கேட்பார்.

வாடகை, சப்ளை ஒப்பந்தம் எல்லாவற்றிலும் இப்படியே. ரப்பர் ஸ்டாம்பில் கடைப் பெயர் மேலே, கையெழுத்துக்கு இடம், அடியில் "உரிமையாளர்". "மேனேஜிங் டைரக்டர்" என்று ஸ்டாம்ப் செய்து வைத்திருப்பவர்களும் ஊரில் இருக்கிறார்கள், தலைவிதி.

கடைக் கடன் உங்கள் சொந்தக் கடன். பெயர் வேறு என்பதால் வீடு, நிலம் தப்பாது. வருமானவரியும் உங்கள் பானில்தான். கடைப் பெயர் ரிட்டர்னில் தொழில் விவரக் கட்டத்தில் வரும். அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள், பின்னால் வங்கிக்கு அதுவே ஓர் ஆவணம்.

#10 கிள்ளான்வாசி

மலேசியாவில் நீங்கள் தேடும் அந்த "பெயர்ப் பதிவு" உண்மையிலேயே இருக்கிறது. 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டப்படி, தொழில் தொடங்கி 30 நாளுக்குள் எஸ்எஸ்எம்மில் (மலேசியக் கம்பெனிகள் ஆணையம்) பதிய வேண்டும். அடையாள அட்டையில் உள்ள சொந்தப் பெயரிலேயே நடத்தினால் ஆண்டுக்கு 30 வெள்ளி (ரிங்கிட்); வேறு பெயர் வைத்தால் 60 வெள்ளி, முதலில் அந்தப் பெயருக்கு ஒப்புதல் வாங்க வேண்டும். கிளை ஒவ்வொன்றுக்கும் 5 வெள்ளி. இங்கிருந்து ஊருக்குப் போய்க் கடை வைக்கும் உறவினர்கள் "எஸ்எஸ்எம் மாதிரி ஆபீஸ் எங்கே" என்று தேடி அலைவதற்கு இதுதான் காரணம். ஆனால் இங்கேயும் எஸ்எஸ்எம் பதிவு டிரேட்மார்க் உரிமை தராது. அதற்குத் தனி அலுவலகம், தனிக் கட்டணம்.

#11 பேரேடு

பெயரில் வரக்கூடாத சொற்களையும் சொல்லிவிடுகிறேன், செக்கடிக்கு இல்லாவிட்டாலும் படிப்பவர்களுக்கு உதவும். கம்பெனியாகப் பதியாமல் "லிமிடெட்", "பிரைவேட் லிமிடெட்" போட்டால் கம்பெனிச் சட்டம் பிரிவு 453இன்படி நாளுக்கு 500 முதல் 2,000 ரூபாய் அபராதம். "வங்கி" கூடாது. "சிட்", "சிட் ஃபண்ட்" என்பதை 1982 சட்டப்படி சீட்டு நடத்துபவர் தவிர மற்றவர் வைக்க முடியாது. அரசுச் சின்னம், அரசு நடத்துவது போன்ற தோற்றம் தரும் பெயர்கள் 1950ஆம் ஆண்டுச் சின்னங்கள், பெயர்கள் சட்டத்தில் மாட்டும். "அண்ட் கோ" போடுவதற்குத் தடையில்லை, ஆனால் வங்கியில் உடனே பார்ட்னர்ஷிப் பத்திரம் கேட்பார்கள். வீண் வம்பு.

#12 ரசீதுபுக்கு

போர்டு, லேபிள் பற்றி யாரும் சொல்லவில்லை. கடைப் பெயர்ப் பலகையில் தமிழ் முதலில், பெரிதாக இருக்க வேண்டும். ஆங்கிலம் இரண்டாவது, பிற மொழி அதன் பிறகு. அளவு 5:3:2. ஆங்கிலத்தில் பெரிதாக அடித்துவிட்டு மூலையில் தமிழ் வைத்தால் தொழிலாளர் துறை ஆய்வில் மாட்டும். ஜிஎஸ்டி எடுத்தால் எண்ணும் வாசல் போர்டில் வர வேண்டும்.

எண்ணெயைச் சில்லறையாக, மூடி முத்திரை இல்லாமல் விற்பதை உணவுச் சட்டம் அனுமதிப்பதில்லை, ஆகவே லேபிள் தவிர்க்க முடியாதது. பாட்டிலில் அடைத்து விற்பதால் சட்டமுறை எடையளவுப் பிரிவில் "பேக்கர்" பதிவும் வேண்டும். தமிழ்நாட்டில் அதுவும் தொழிலாளர் துறைதான். அடைக்கத் தொடங்கிய 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் 500. அங்கே பதியும் பெயரும் முழு முகவரியும் லேபிளில் உள்ளதும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். லேபிளில் "தயாரிப்பு: மஞ்சக்காடு மரச்செக்கு எண்ணெய்" என்று போட்டு முகவரிக்குப் பதில் செல்போன் நம்பர் மட்டும் போடுவது பரவலான தப்பு. கதவு எண், ஊர், பின்கோடு எல்லாம் வேண்டும். 14 இலக்க உணவுப் பதிவு எண்ணும் வேண்டும். ஆகவே லேபிள் அச்சு எல்லாவற்றுக்கும் கடைசி.

#13 செக்கடி

நல்லா புரிஞ்சதுங்க. இன்னைக்கு டிரேட்மார்க் தளத்துல தேடிப் பார்த்துட்டேன், 29ல அந்தச் சொல் இல்ல. கே ரெண்டு, ஏ ஒண்ணுன்னு முடிவு பண்ணியாச்சு. உத்யம் நாளைக்கு. கடைசியா ஒண்ணு: ரெண்டு வருசம் கழிச்சு தம்பியைப் பங்காளியா சேர்த்தா இதே பேர் அப்படியே தொடருமா?

#14 கோர்ட்டுவாசல்

பெயர் தொடரும், காகிதம் தொடராது. தம்பி சேர்ந்த நாளிலிருந்து அது கூட்டாண்மை. புது பான், புது வங்கிக் கணக்கு, புது உத்யம், உணவுப் பதிவு, எடுத்திருந்தால் ஜிஎஸ்டியும் புதிது. அப்போதுதான் ரிஜிஸ்ட்ரார் ஆஃப் ஃபர்ம்ஸ் வேலைக்கு வருகிறார். கூட்டாண்மையைப் பதிவது கட்டாயம் இல்லை; ஆனால் பதியாவிட்டால் பிரிவு 69இன்படி பாக்கி வைத்த கடைக்காரர் மேல் ஒப்பந்த வழக்கே போட முடியாது. அதனால் பதிந்துவிடுங்கள்.

டிரேட்மார்க் உங்கள் தனிப்பெயரில் இருக்கும். அதைக் கூட்டாண்மைக்கு எழுதிக் கொடுப்பதா, உங்களிடமே வைத்துக்கொண்டு பயன்படுத்த அனுமதி மட்டும் தருவதா என்பதைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். எழுதாமல் விட்டால் அண்ணன் தம்பி பிரியும்போது செக்கைப் பிரிப்பது சுலபம், "மஞ்சக்காடு" யாருக்கு என்பதில்தான் இழுக்கும். எழுதிக் கொடுத்தால், மார்க் பதிவான பிறகு டிஎம்-பி (TM-P) படிவத்தில் உரிமை மாற்றத்தைப் பதிய வேண்டும். என்னைக் கேட்டால் உங்கள் பெயரிலேயே வைத்துக்கொண்டு அனுமதி மட்டும் கொடுங்கள்.

#15 தராசுமுள்

அதற்கு என் ஓட்டும். அனுமதியை வாய்வார்த்தையாக விடாமல், காலக்கெடுவும் எந்தெந்தப் பொருளுக்கு என்பதும் போட்டு எழுத்தில் கொடுங்கள். இப்போது விண்ணப்பம் போடும்போதே 29இல் பொருள் பட்டியலை "எண்ணெய்" என்று ஒற்றைச் சொல்லில் விடாதீர்கள்: கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் என்று தனித்தனியாக எழுதுங்கள். புண்ணாக்கும் அதே பெயரில் விற்கிற எண்ணம் இருந்தால் அது கால்நடைத் தீவனம், 31ஆம் வகுப்பு, அதற்குத் தனியாக 4,500.